மடியிலேயே இருக்கட்டும்

அந்த மருத்துவமனையின் அவசரப் பிரிவில் அவளைத் தராசக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது, ஆனால் அது சம்பளச் சீட்டில் மட்டும் உயிர் வாழ்ந்தது. கழுத்தில் தொங்கிய அட்டையில் பதவியை அச்சடித்த புண்ணியவான் இடம் போதாமல் ‘குழந்தைகள் அவசரச் சிகிச்சை ஒருங்’ என்று நிறுத்திவிட்டான். ‘கிணைப்பாளர்’ அச்சகத்திலேயே தங்கிவிட்டார். குறும்புக்கார டாக்டர் ஒருவர் ‘ஒருங் அக்கா’ என்று கூப்பிட்டுப் பார்த்தார். அவள் முறைத்த முறைப்பில் அந்தப் பெயர் ஒரு நாள்கூடத் தாங்கவில்லை.

அந்தப் பிரிவுக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் பெரியவர்கள். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வருவார்கள், வண்டியிலிருந்து விழுந்து வருவார்கள், ஒன்றுமில்லாமல் பயந்துபோயும் வருவார்கள். குழந்தைகள் எப்போதாவதுதான் வரும். அப்படி எப்போதாவது வருவதுதான் சிக்கல். மூச்சுத் திணறும் பிள்ளைக்குப் பெரியவர்களின் முகமூடியை எடுத்து வைத்தால் நெற்றி முதல் தாடை வரை மூடிக்கொள்ளும். சின்ன ஊசி எங்கே, சின்னக் குழாய் எங்கே என்று ஆளுக்கொரு பெட்டியைக் கவிழ்ப்பார்கள். அவசரத்துக்கு அண்டாவிலும் கை நுழையாது என்பதை அங்கே கண்ணால் பார்க்கலாம்.

ஆகவே குழந்தைகளின் காரியம் அத்தனைக்கும் ஒரு நர்ஸ் பொறுப்பாக இருக்க வேண்டும் என்று மேலிடம் முடிவெடுத்தது. அளவு வாரியாகச் சாமான் வாங்கி அடுக்க வேண்டும், மருந்துக் கணக்கைச் சரிபார்க்க வேண்டும், மற்ற நர்ஸ்களைப் பழக்க வேண்டும், ஆபத்து நேரத்தில் பெற்றவர்கள் பக்கத்தில் நிற்க வேண்டும். “யார் எடுத்துக்கறீங்க?” என்று கூட்டத்தில் கேட்டபோது எல்லோரும் தரையை ஆராய்ச்சி செய்தார்கள். அவள் டீ குடிக்கப் போயிருந்தாள். இல்லாத ஆள் தலையில் கட்டுவதுதானே உலக வழக்கம். கையில் டம்ளரோடு திரும்பி வந்தவளுக்கு ஏன் கை தட்டுகிறார்கள் என்றே புரியவில்லை.

அவள் கணவர் ஃப்ரிட்ஜ் ரிப்பேர் செய்கிறவர். விஷயத்தைக் கேட்டுவிட்டு, “வேலியில போற ஓணானை எடுத்து மடியில விட்டுக்கிட்டியா?” என்றார்.

“நான் எங்கே விட்டுக்கிட்டேன்? அவங்களே கொண்டுவந்து விட்டுட்டாங்க.”

வேண்டாவெறுப்பாக ஏற்ற வேலைதான். ஆனால் அவளுக்கு எதையும் அரைகுறையாகச் செய்ய வராது. சுவரோரமாக ஒரு அலமாரி வாங்கி, கைக்குழந்தைக்கு ஒரு தட்டு, நடக்கிற பிள்ளைக்கு ஒரு தட்டு, பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கு ஒரு தட்டு என்று நிறம் நிறமாகப் பிரித்தாள். அவசரத்துக்குத் திறக்க வேண்டிய அலமாரியைப் பூட்ட முடியாது. பூட்டாவிட்டால் பெரியவர்கள் பக்கத்து நர்ஸ்கள் கத்தரிக்கோலைச் சுட்டுக்கொண்டு போய்விடுவார்கள். அதனால் ஒவ்வொரு தட்டிலும் இழுத்தால் அறுந்துபோகிற பிளாஸ்டிக் முத்திரை ஒன்றை மாட்டிவைத்தாள். முத்திரை அறுந்திருந்தால் அன்றைக்கு யாராவது ஒருவருக்கு அர்ச்சனை நிச்சயம்.

எல்லாவற்றுக்கும் மேலே தராசு. பெரியவர்களுக்கு ஒரு ஊசி என்றால் ஏறக்குறைய ஒரே அளவு. குழந்தைக்கு எடையைப் பார்த்துத்தான் மருந்து. எடை தப்பினால் மருந்து தப்பும். பெற்றவர்களைக் கேட்டால், அப்பா இரண்டு கிலோ கூட்டிச் சொல்வார், அம்மா இரண்டு கிலோ குறைத்துச் சொல்வாள். பெற்றவள் கண்ணுக்குப் பிள்ளை எப்போதும் இளைத்துத்தான் தெரியும். வலிப்போடு வந்த ஒரு குழந்தைக்கு, கண்ணால் பார்த்து எடையைச் சொல்லி, மருந்து பாதிதான் போய், வலிப்பு நிற்காமல் எல்லோரும் பட்ட பாட்டை அவள் ஒருமுறை பார்த்திருக்கிறாள். குழந்தை பிழைத்துக்கொண்டது. அவளுக்குத்தான் பல நாள் தூக்கம் பிடிக்கவில்லை.

அன்றிலிருந்து ஒரே சட்டம். வாசலிலேயே குழந்தையை வாங்கு, துணியைக் கழற்று, தராசில் வை, அப்புறம் மற்றது. “தராசு பேசட்டும், பிறகு நாம பேசலாம்” என்பாள். வாரத்துக்கு ஒருமுறை ரப்பர் பொம்மை ஒன்றை வைத்து எல்லோரையும் ஓடவிட்டுப் பழக்கினாள். வீட்டிலும் அதே கதைதான். பயணம் கிளம்பினால் பெட்டிகளை எடை போடுவாள். பள்ளிக்கூடத்துப் பையின் எடையைப் பார்த்துவிட்டு டீச்சரிடம் சண்டைக்குப் போன அம்மாவோடு மகள் வெட்கத்தால் ஒரு வாரம் பேசவில்லை.

அவள் பழக்கிய ஆட்களில் முதல் இடம் மின்னலுக்கு. மின்னல் அந்த வருஷம் வேலைக்குச் சேர்ந்த நர்ஸ். நடக்கவே தெரியாது, ஓடத்தான் தெரியும். பொம்மையை வாங்கித் துணியை உருவித் தராசில் கிடத்தி எடையைக் கத்திச் சொல்வதற்குள் மற்றவர்கள் கையுறையைக்கூட மாட்டி முடித்திருக்க மாட்டார்கள். “பாத்துக்கோங்க, இப்படித்தான் இருக்கணும்” என்று தராசக்கா எல்லோர் முன்னாலும் மெச்சினாள். மின்னல் காது வரை சிவந்துபோனாள்.

அந்த நாள் மத்தியானம், காலை ஆட்கள் கிளம்பி மாலை ஆட்கள் வருகிற சந்தடி நேரம். ஒரு படுக்கையில் நெஞ்சுவலிப் பெரியவர். இன்னொன்றில் ஸ்கூட்டரிலிருந்து விழுந்த வாலிபன், கை உடைந்து, ஊரையே கூட்டிக்கொண்டிருந்தான். தராசக்கா பெரியவருக்கு டிரிப் போட நரம்பு தேடிக் குனிந்திருந்தாள்.

வாசல் கதவு திறந்தது. ஒரு பெண் வேகமாக உள்ளே வந்தாள். இடுப்பில் மூன்று மூன்றரை வயசு மதிக்கத்தக்க பையன். அவன் அவள் தோளில் சாயாமல் விறைப்பாக நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான். தாடையை முன்னால் நீட்டி, வாயைத் திறந்து வைத்திருந்தான். எச்சில் ஒழுகி அம்மாவின் தோள் முழுக்க நனைந்திருந்தது. அழவில்லை, சிணுங்கவில்லை.

மின்னல் பாய்ந்தாள். “குடுங்கம்மா” என்று கையை நீட்டி, அம்மா பிடியைத் தளர்த்துவதற்குள் பையனை வாங்கி, சட்டையைத் தலைவழியே உருவி, தராசை நோக்கித் திரும்பி அவனை மல்லாக்கச் சாய்த்தாள். பழக்கியது பழக்கியபடியே, ஒரு பிசகு இல்லை.

பையன் உடம்பை வில்லாக வளைத்தான். அழ வாயைத் திறந்தான். சத்தம் வரவில்லை.

தராசக்காவைத் திரும்ப வைத்ததே அந்தச் சத்தமின்மைதான். ஒரு கணம் முன்புவரை, வாலிபனின் கூச்சலுக்கு அடியில், விசில் மாதிரி மெல்லிசாக ஒரு மூச்சு கேட்டுக்கொண்டிருந்தது. இப்போது அது இல்லை. திரும்பிப் பார்த்தவளுக்குப் பையனின் உதடு நீலம் பாரிப்பது தெரிந்தது.

“குடுத்துடு! அம்மாகிட்டக் குடு!”

மின்னலுக்குப் புரியவில்லை. “அக்கா, எடை இன்னும்...”

“எடை கிடக்கட்டும்! நிமித்தி அவங்க மடியில குடு!”

டிரிப் ஊசியைத் தட்டில் போட்டுவிட்டு ஓடிவந்து, அம்மாவை நாற்காலியில் அமர்த்தி, பையனை நிமிர்த்தி மடியில் வைத்தது தராசக்காதான். அவன் அம்மாவின் கையைப் பற்றிக்கொண்டு முன்னால் குனிந்தான். ஒன்றுமில்லை. ஒன்றுமில்லை. பிறகு நூல் மாதிரி ஒரு விசில். தொடர்ந்து இன்னொன்று. போன உயிர் அவனுக்கும் வந்தது, தராசக்காவுக்கும் வந்தது.

டூட்டி டாக்டர் அவள் பின்னால் வந்து நின்றார். சின்ன வயசுக்காரர், ஆனால் நிதானமானவர். குழந்தையைத் தொடாமல், மண்டியிட்டு, தூரத்திலிருந்தே பார்த்தார். அம்மாவிடம் இரண்டு கேள்வி கேட்டார். காலையிலிருந்து கொதிக்கிற ஜுரம், தண்ணீர்கூட விழுங்க மாட்டேன் என்கிறான் என்று அவள் சொன்னாள்.

டாக்டர் எழுந்து தராசக்காவின் காதருகே பேசினார். “தொண்டைக்குள்ள மூடி மாதிரி இருக்கிற இடம் வீங்கியிருக்குன்னு நினைக்கிறேன். இத்தனூண்டு வழியிலதான் மூச்சு போகுது. இப்ப அவன் உக்காந்திருக்கிற மாதிரி உக்காந்தாத்தான் அந்த வழி திறந்திருக்கும். வாயைத் திறந்து பாக்கக் கூடாது, ஊசி குத்தக் கூடாது, படுக்க வைக்கக் கூடாது. அழுதா அடைச்சுக்கும். மயக்க டாக்டர் ஆபரேஷன் தியேட்டர்ல வச்சுத் தொண்டைக்குள்ள குழாய் போடணும். அதுவரைக்கும் இந்தப் பையன் அழக் கூடாது அக்கா. அவ்வளவுதான்.”

அவ்வளவுதான். மூன்று வயசுப் பையன், ஆஸ்பத்திரியில், ஜுரத்தோடு, சுற்றிலும் முன்பின் தெரியாத முகங்கள். அவன் அழக் கூடாது.

தராசக்கா குரலைத் தாழ்த்தினாள். அந்தக் குரல் அவளிடம் இருக்கிறது என்பதே பலருக்கு அன்றுதான் தெரிந்தது. ஒருவரைத் தியேட்டருக்கு ஃபோன் செய்யச் சொன்னாள். கத்திக்கொண்டிருந்த கருவிகளின் மணியை நிறுத்தச் சொன்னாள். ஆக்சிஜன் குழாயை அம்மாவின் கையிலேயே கொடுத்து, முகத்தில் படாமல் வாய்க்கு அருகே பிடிக்கச் சொன்னாள். பிறகு வாலிபனின் படுக்கைக்குப் போனாள்.

“தம்பி, கை ரொம்ப வலிக்குதா?”

“உயிர் போகுது சிஸ்டர்!”

“அந்தப் பக்கம் ஒரு சின்னப் பையனுக்கு நிஜமாவே போகப் பாக்குது. உன் சத்தத்துல அவன் பயந்து அழுதா முடிஞ்சுது. கொஞ்ச நேரம் பல்லைக் கடிச்சுக்கோப்பா.”

வாலிபன் தலையணையின் நுனியைக் கடித்துக்கொண்டான். பாவம், அவனும் யாரோ பெற்ற பிள்ளைதான்.

திரும்பி வந்து அம்மாவின் முன்னால் குந்தி உட்கார்ந்தாள். அந்தப் பெண்ணின் கண் நிரம்பி நின்றது, உதடு நடுங்கியது.

“அம்மா, என்னைப் பாருங்க. இப்ப இவனுக்கு நீங்கதான் மருந்து. நீங்க அழுதா இவன் அழுவான். இவன் அழுதா மூச்சு அடைச்சுக்கும். நீங்களும் அழக் கூடாது, இவனையும் அழ விடக் கூடாது. முடியுமா?”

அந்தப் பெண் கண்ணை இறுக மூடித் திறந்தாள். ஒரு சொட்டுகூட விழவில்லை. “முடியும்” என்றாள்.

தியேட்டர் மாடியில் இருந்தது. படுக்கவைத்துத் தள்ளுகிற வண்டி உதவாது. சக்கர நாற்காலியில் அம்மாவை உட்கார வைத்து, அவள் மடியில் பையன். பின்னால் தள்ள அட்டெண்டர் அண்ணன். பக்கத்தில் டாக்டர், அவர் தோளில் சின்ன முகமூடியும் குழாய்களும் இருந்த பை. தராசக்கா நாற்காலிக்கு முன்னால் பையனைப் பார்த்தபடி பின்பக்கமாக நடந்தாள். வழியில் யாரும் திடீரென்று குறுக்கே வந்து அவனைப் பயமுறுத்தக் கூடாது, அவன் கண்ணுக்கு ஒரே முகம்தான் தெரிய வேண்டும்.

தாழ்வாரம் முழுவதும் அந்த விசில் கூடவே வந்தது. அது கேட்கும்வரை பயமில்லை என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். யாரோ துடைப்பக் கட்டையைத் தரையில் போட்டார்கள். பையன் தூக்கிவாரிப்போட்டு நிமிர்ந்தான். முகம் கோணியது, கீழுதடு பிதுங்கியது. பிள்ளை பெற்ற எவளுக்கும் அந்த உதடு தெரியும், அடுத்தது என்ன என்றும் தெரியும்.

அம்மா அவன் காதில் வாயை வைத்தாள். “கண்ணா, பஸ் கிளம்பிடுச்சு. டிரைவர் யாரு, நீதானே? பாத்து ஓட்டு. முன்னாடி ஒரு ஆன்ட்டி ரிவர்ஸ்ல போறாங்க பாரு, இடிச்சிடாதே.” குரல் நடுங்கவே இல்லை.

பையன் தராசக்காவைப் பார்த்தான். உதடு மெல்ல உள்ளே போனது. அவள் அப்படியே ரிவர்ஸில் போனாள். திரும்பும் இடத்தில் கையை நீட்டி சிக்னல்கூடக் காட்டினாள். அட்டெண்டர் அண்ணன் மட்டும் தலையைக் குனிந்து கொண்டார், அவர் கண் கலங்கியதை யாரும் பார்க்கக் கூடாதே.

லிஃப்டில் பையனின் இமை தாழ ஆரம்பித்தது. விசிலுக்கும் விசிலுக்கும் நடுவே இடைவெளி நீண்டது. மூச்சுக்குப் போராடிக் களைத்துப்போகிறான். டாக்டர் பையின் ஜிப்பைத் திறந்து வைத்துக்கொண்டார். தராசக்காவின் கைகள் இரண்டும் அவனைப் பிடுங்கித் தூக்கிக்கொண்டு ஓடத் துடித்தன. பின்னால் கோத்துக்கொண்டு நின்றாள்.

தியேட்டர் வாசலில் மயக்க டாக்டர் தயாராக இருந்தார். பச்சைத் தொப்பி, கண் மட்டும் தெரிந்தது. முதல் கேள்வி: “எடை எவ்வளவு?”

தராசக்கா அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள்.

“பதினாலு” என்றாள் அம்மா. “போன வாரம் தடுப்பூசி போடப் போனப்ப பாத்தாங்க.”

“பதினாலுன்னு வச்சுக்கோங்க டாக்டர்” என்றாள் தராசக்கா.

மயக்க டாக்டர் பையனை இறக்கச் சொல்லவில்லை. அம்மாவையே நாற்காலியோடு உள்ளே தள்ளச் சொல்லி, மடியில் வைத்தபடியே மூக்கருகில் மயக்க வாயுவைக் காட்டினார். பையனின் தலை துவண்டது. அப்போதுதான் அவனைத் தூக்கினார்கள். அம்மாவை வெளியே அழைத்துவந்து கதவைச் சாத்தினார்கள்.

வெளியே ஒரு பெஞ்சு. இருவரும் உட்கார்ந்தார்கள். அந்தப் பெண் கைகளை மடியில் வைத்தபடி, பையன் இன்னும் அங்கேயே இருப்பதுபோல விறைப்பாக இருந்தாள். தராசக்காவுக்குத் தெரிந்த எல்லா ஆறுதலும் மறந்துபோயிருந்தது. உள்ளே அந்தச் சின்ன வழிக்குள் குழாய் போகுமா போகாதா என்பதைத் தவிர அவள் மண்டையில் வேறு எதுவும் ஓடவில்லை. கதவு எத்தனை நேரம் கழித்துத் திறந்தது என்று பிறகு யார் கேட்டும் அவளால் சொல்ல முடியவில்லை.

மயக்க டாக்டர் முகமூடியைக் கழுத்துக்கு இறக்கியபடி வந்தார். “குழாய் போட்டாச்சு. இருக்கிறதிலேயே சின்னக் குழாய்க்குத்தான் வழி இடம் விட்டுது. இனிமே மூச்சுக்குப் பயமில்லை. வீக்கம் வடிய ரெண்டு மூணு நாள் ஆகும்.”

அந்தப் பெண் தலையாட்டினாள். நன்றி சொன்னாள். அழவில்லை. தைரியமான பொம்பளை என்று தராசக்கா நினைத்துக்கொண்டாள். கீழே வேலை கிடந்தது, கிளம்பிவிட்டாள்.

கீழே மின்னலைக் காணவில்லை. சாமான் அறையில், படுக்கை விரிப்பு மூட்டையின் மேல் உட்கார்ந்து தேம்பிக்கொண்டிருந்தாள். கழுத்து அட்டையைக் கழற்றிப் பக்கத்தில் வைத்திருந்தாள்.

“கொன்னிருப்பேன் அக்கா. இந்தக் கையாலயே கொன்னிருப்பேன்.”

பேசாமல் தட்டிக்கொடுத்துவிட்டுப் போகலாம் என்றுதான் தராசக்காவுக்கு முதலில் தோன்றியது. யானைக்கும் அடி சறுக்கும் என்று எதையாவது சொல்லி மழுப்பலாம். மனசு கேட்கவில்லை. மின்னலைக் கையைப் பிடித்து எழுப்பி, வெளியே எல்லோரும் இருந்த இடத்துக்கே கூட்டிவந்தாள்.

“எல்லாரும் கேளுங்க. இவ இன்னிக்கு ஒரு தப்பும் பண்ணல. நான் சொல்லிக்குடுத்ததை அப்படியே பண்ணா. பாக்காம வாங்குன்னு சொல்லிக்குடுத்தது நான்தான். பொம்மையை வச்சே பழக்கினேன். பொம்மைக்கு மூச்சு ஏது? எப்படிப் பிடிச்சாலும் கம்முன்னு கிடக்கும்.”

மின்னல் மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டாள். “அப்ப இனிமே எடை போட வேணாமா அக்கா?”

“எடை போடாம விட்டா உன் தோலை உரிச்சிடுவேன். முதல்ல பாரு. எப்படி உக்காந்திருக்கு, எப்படி மூச்சு விடுதுன்னு பாரு. அம்மா மடியில இருந்தாத்தான் அதுக்கு மூச்சு வருதுன்னா, மடியிலேயே இருக்கட்டும். தராசு எங்கேயும் ஓடிப் போகாது.”

அன்று வீட்டுக்குப் போனவள் சாப்பிடவில்லை. கணவர் என்ன என்று கேட்டார். “என் சட்டமே ஒரு பிள்ளையைக் கொல்லப் பாத்துதுங்க” என்றாள். அவருக்குக் கிண்டல் ஒன்றும் வரவில்லை. ஒரு டம்ளர் பாலைச் சூடாக்கிக் கொண்டுவந்து வைத்தார்.

குழாயை எடுத்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்ட அன்று, வேலை முடிந்ததும் மாடி வார்டுக்குப் போனாள். பையன் கட்டிலில் உட்கார்ந்திருந்தான். கன்னம் ஒட்டி, முடி பரட்டையாக, ஆனால் வாயை மூடிக்கொண்டு, மூக்கால் மூச்சு விட்டுக்கொண்டு. அதைப் பார்த்துக்கொண்டே நிற்கலாம்போல் இருந்தது அவளுக்கு.

பையன் திரும்பினான், அவளுடைய நர்ஸ் உடுப்பைப் பார்த்தான். கீழுதடு பிதுங்கியது.

அம்மா துள்ளி எழுந்தாள். அவனை வாரி மடியில் நிமிர்த்தி உட்கார வைத்தாள். “இல்லடா கண்ணா, அழக் கூடாது, பஸ் கிளம்பிடுச்சு, டிரைவர் யாரு, நீதானே...” என்று விடாமல் பேசினாள். குரல் கம்மிப்போயிருந்தது. கண் இரண்டும் குழி விழுந்து, தூங்கியே பல நாள் ஆனதுபோல இருந்தாள்.

பக்கத்துக் கட்டில்காரப் பெண் தராசக்காவிடம் முணுமுணுத்தாள். “குழாய் எடுத்ததுல இருந்து இதே பாடுதான் சிஸ்டர். அவன் லேசா சிணுங்கினாப் போதும், இந்தப் பொண்ணு உயிரை விடுது. ராத்திரியெல்லாம் பஸ் ஓட்டிட்டே இருக்கு. தானும் ஒரு சொட்டு அழல.”

தராசக்காவுக்குச் சுருக்கென்றது. அழக் கூடாது என்று அந்தப் பெண்ணிடம் சொன்னது அவள். தியேட்டர் கதவு திறந்த பிறகும் அதைத் திரும்ப எடுக்காமல், தைரியசாலி என்று பட்டம் கொடுத்துவிட்டுக் கீழே இறங்கிப் போனதும் அவளேதான். டாக்டர்கள் மூச்சைப் பற்றி, மருந்தைப் பற்றி, எல்லாவற்றையும் சொல்லியிருப்பார்கள். இதை யார் சொல்வார்கள்? பெற்றவர்களோடு நிற்பது அவள் வேலை.

அன்று போலவே கட்டிலருகே குந்தி உட்கார்ந்தாள்.

“அம்மா, என்னைப் பாருங்க. வீக்கம் வடிஞ்சுடுச்சு. வழி நல்லாத் திறந்திருக்கு. இனிமே அவன் அழலாம்.”

அந்தப் பெண் நம்பாமல் பார்த்தாள். “அடைச்சுக்காதா?”

“அடைச்சுக்காது. நான் இங்கேயே உக்காந்திருக்கேன். விடுங்க, அழட்டும்.”

பேச்சு நின்றது. பஸ் நின்றது. பையன் தராசக்காவைப் பார்த்தான், வாயைத் திறந்தான், அழுதான். முதலில் கரகரப்பாக, பிறகு தொண்டை திறந்து, வார்டே திரும்பிப் பார்க்கும்படி. அம்மா மூச்சைப் பிடித்துக்கொண்டு அவன் உதட்டையே பார்த்தாள். உதடு சிவப்பாகவே இருந்தது. அவன் நடுவில் நன்றாக மூச்சை இழுத்துக்கொண்டு மறுபடியும் அழுதான்.

“நானும் அழலாமா சிஸ்டர்?” என்று கேட்டாள் அந்தப் பெண்.

தராசக்கா தலையை ஆட்டினாள். அந்தப் பெண் பையனைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள். அம்மா அப்படி அழுது பார்த்தே இராத பையன் தன் அழுகையைப் பாதியில் நிறுத்திவிட்டு, அவள் முகத்தைத் தன் இரண்டு கைகளாலும் நிமிர்த்திப் பார்த்தான்.